இ-ஸ்போர்ட்ஸ் செய்தி எழுதுவது எப்படி: சென்னைச் செய்தியாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கிலோ நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலோ வீடியோ கேம்களில் மோதும் இ-ஸ்போர்ட்ஸ் போட்டி ஒன்றின் இறுதி ஆட்டம் என்று அழைப்பு வந்தால், செய்தி அறையில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரைத்தான் பெரும்பாலும் அனுப்புகிறார்கள். "உனக்குத்தான் கேம் எல்லாம் தெரியுமே" என்ற ஒரு வரிதான் அவருக்குக் கிடைக்கும் பயிற்சி. அவரும் போகிறார். மேடை விளக்குகளைப் படம் எடுக்கிறார், வென்ற பையனிடம் "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விளையாடுவீங்க, வீட்ல திட்ட மாட்டாங்களா" என்று கேட்கிறார், பரிசுத் தொகையைத் தலைப்பில் வைக்கிறார். யார் யாரை எப்படி வென்றார்கள் என்பது மட்டும் செய்தியில் இருக்காது.

ஒரு தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் இருந்தபடி இந்தச் செய்திகளை நானும் எழுதியிருக்கிறேன், புதிதாக வந்தவர்கள் எழுதியதைத் திருத்தியும் இருக்கிறேன். தடுமாற்றம் எப்போதும் ஒரே இடத்தில்தான் வருகிறது: ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஆளைப் பார்க்கப் போய்விடுகிறோம். அதனால் கீழே உள்ள வரிசை முக்கியம். முடிந்தவரை வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

1. எந்த வகைச் செய்தி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஆட்டச் செய்தி, ஆட்டக்காரரைப் பற்றிய கட்டுரை, பிரச்சினையைப் பற்றிய செய்தி என மூன்று வகை உண்டு. சட்டம், பணம், உடல்நலம் எல்லாம் மூன்றாவது வகை.

புதியவர்கள் மூன்றையும் ஒரே செய்திக்குள் அடைத்துவிடுகிறார்கள். சென்னை அணி கோப்பை வென்ற செய்தியின் நான்காவது பத்தியில் மனநல மருத்துவரின் எச்சரிக்கை வந்து நிற்கும். சேப்பாக்கத்தில் சதம் அடித்தவரைப் பற்றிய செய்தியில் கிரிக்கெட் சூதாட்டம் பற்றி ஒரு பத்தி சேர்ப்போமா? மாட்டோம். எச்சரிக்கை தேவைதான். அதைத் தனிச் செய்தியாக, உரிய ஆதாரத்தோடு எழுதுங்கள்.

அலுவலகத்தில் செய்தியைத் திருத்தும் டெஸ்க்கிடம் புறப்படும் முன்பே "இது ஆட்டச் செய்தி, இத்தனை வரி" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், இரவு பத்து மணிக்கு "ஏதாவது ஹியூமன் இன்ட்ரஸ்ட் இருக்கா" என்று போன் வரும்.

2. போவதற்கு முன் மூன்று ஆட்டங்கள் பாருங்கள்

இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். அதே விளையாட்டில், முடிந்தால் அதே அணிகள் ஆடிய பழைய ஆட்டங்களை யூடியூபில் பாருங்கள். முதல் ஆட்டம் புரியாது. இரண்டாவதில் வர்ணனையாளர்கள் எப்போது குரலை உயர்த்துகிறார்கள் என்று கவனியுங்கள். அவர்கள் கத்தும் இடமெல்லாம் ஒரு காரணம் இருக்கும். மூன்றாவதை ஒலி இல்லாமல் பார்த்து, என்ன நடக்கிறது என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். இங்கே திணறினால் நாளை செய்தியிலும் திணறுவீர்கள்.

"கேம்" என்று ஒரே சொல்லில் அழைத்தாலும் இவை ஒன்றுக்கொன்று கபடிக்கும் சதுரங்கத்துக்கும் உள்ள அளவு வேறுபட்டவை. சென்னையில் அடிக்கடி எதிர்ப்படும் சிலவற்றையாவது கணக்கு தெரிந்துகொண்டு போக வேண்டும்.

வேலரன்ட்: துப்பாக்கிச் சண்டை விளையாட்டு, அணிக்கு ஐந்து பேர். ஒரு மேப்பில் 13 ரவுண்டுகளை முதலில் வெல்லும் அணிக்கே அந்த மேப். 12 ரவுண்டு முடிந்ததும் தாக்குபவர்களும் தடுப்பவர்களும் இடம் மாறுவார்கள். 12-12 என்று வந்தால் இரண்டு ரவுண்டு வித்தியாசம் வரும்வரை நீளும். ஆகவே போட்டிகளில் 13-12 என்ற ஸ்கோரே வராது. அப்படி ஒரு எண் உங்கள் குறிப்பேட்டில் இருந்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது. முடிவை "2-1 (13-9, 11-13, 13-7)" என்று டென்னிஸ் செட் போல எழுதலாம், வாசகருக்குச் சட்டென்று பிடிபடும்.

கவுன்டர்-ஸ்டிரைக் 2: இதிலும் இப்போது 13தான். பழைய கவுன்டர்-ஸ்டிரைக்கில் 16 ரவுண்டு எடுக்க வேண்டும். 2023இல் புதிய பதிப்போடு அது மாறியது. பழைய கட்டுரைகளைப் பார்த்து விதியை எழுதுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பி.ஜி.எம்.ஐ. (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா): நம் ஊரில் அதிகம் பேர் ஆடுவது, அதிகம் பேர் தவறாக எழுதுவதும் இதைத்தான். நால்வர் கொண்ட 16 அணிகள், அதாவது 64 பேர், ஒரே வரைபடத்தில் இறங்குகிறார்கள். கடைசிவரை நிற்கும் அணிக்கு "சிக்கன் டின்னர்". ஆனால் கோப்பை அதனால் மட்டும் கிடைப்பதில்லை. பெரிய போட்டிகளில் முதல் எட்டு இடங்களுக்கு 10, 6, 5, 4, 3, 2, 1, 1 என்று புள்ளிகள், அதோடு ஒவ்வொரு ஃபினிஷுக்கும், அதாவது எதிரணி ஆள் ஒருவரை வீழ்த்துவதற்கு, ஒரு புள்ளி.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆறு ஆட்டங்கள். முதல் அணி ஒரு சிக்கன் டின்னரோடு 9 ஃபினிஷ் எடுக்கிறது: 19 புள்ளி. மீதி ஐந்திலும் சீக்கிரம் வெளியேறி, தலா 2 ஃபினிஷ்: 10 புள்ளி. மொத்தம் 29. இரண்டாவது அணி ஒருமுறைகூட வெல்லவில்லை. ஆனால் ஆறிலும் மூன்றாம் இடம், தலா 4 ஃபினிஷ். ஆட்டத்துக்கு 9, ஆறுக்கு 54. கோப்பை யாருக்கு என்று உங்களுக்கே தெரியும். இந்தக் கணக்கு தெரியாமல் போன ஒரு நிருபர், கடைசி ஆட்டத்தில் சிக்கன் டின்னர் எடுத்த அணியையே சாம்பியன் என்று எழுதி அனுப்பினார். அச்சுக்குப் போவதற்குள் பிடித்தோம்.

டோட்டா 2, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்: எதிரணியின் மையக் கட்டடத்தை உடைப்பதுதான் வெற்றி. திரையின் மேலே தெரியும் 34-21 போன்ற எண் எத்தனை வீழ்த்தல்கள் என்பதைத்தான் காட்டும், அது ஸ்கோர் அல்ல. குறைவாக வீழ்த்திய அணி வெல்வது சாதாரணம். கால்பந்தில் பந்தை அதிக நேரம் வைத்திருந்த அணி தோற்பதுபோலத்தான்.

சதுரங்கத்தையும் மறக்க வேண்டாம். 2025இல் ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் சதுரங்கமும் ஒரு பிரிவு, கார்ல்சன் வென்றார். ஆனந்திலிருந்து குகேஷ் வரை நகர்த்தல் நகர்த்தலாகப் படித்துப் பழகிய ஊர் இது. கறுப்பு-வெள்ளைக் கட்டத்தில் நடப்பதை விளக்கத் தெரிந்த நமக்கு இதையும் விளக்க முடியும். அந்த உழைப்பைத்தான் இதுவரை போடவில்லை.

3. பெயர்த் தாள் தயாரியுங்கள்

ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் இரண்டு பெயர். வீட்டில் வைத்தது ஒன்று, ஆட்டத்தில் வைத்துக்கொண்டது இன்னொன்று. ஆட்டப் பெயரை மட்டும் எழுதினால் அவருடைய பாட்டிக்குக்கூட அது தன் பேரன் என்று தெரியாது. இயற்பெயரை மட்டும் எழுதினால் ரசிகருக்கு யாரென்று புரியாது. முதல் இடத்தில் இரண்டும், பிறகு ஆட்டப் பெயர் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாளில் இருக்க வேண்டியவை: இனிஷியலோடு முழுப்பெயர், ஆட்டப் பெயர், அதைத் தமிழில் எப்படி உச்சரிப்பது, அணி, அணியில் என்ன வேலை, வயது, சொந்த ஊர். உச்சரிப்பை அவரிடமே கேளுங்கள். ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே எண்களைச் செருகி வைத்த பெயரை நாமாகப் படித்துத் தமிழில் எழுதினால் பாதி நேரம் தவறாகத்தான் வரும்.

லிக்விபீடியா என்ற தளத்தில் அணிகள், பழைய முடிவுகள் எல்லாம் கிடைக்கும். தொடங்குவதற்கு நல்ல இடம். ஆனால் அது யாரும் திருத்தக்கூடிய விக்கி. அங்கே பார்த்ததை அணியின் மேலாளரிடமோ போட்டி அமைப்பாளரிடமோ உறுதி செய்யாமல் அச்சிட வேண்டாம். ஆட்டக்காரர்கள் அணி மாறுவது இங்கே மிகச் சாதாரணம். போன மாதம் ஆடிய ஐவர் இந்த மாதம் ஆட மாட்டார்கள்.

யாருக்காவது 18 வயது நிறையவில்லை என்றால் பெயருக்கு எதிரே ஒரு குறி போடுங்கள். அவரிடம் பேசுவதற்கும் படம் போடுவதற்கும் பெற்றோரின் சம்மதம் முன்பே வாங்கியாக வேண்டும். பள்ளியின் பெயர், வீடு இருக்கும் தெரு எல்லாம் செய்திக்கு வேண்டாம். இவர்களைத் தேடி வரும் ரசிகர்களில் எல்லோரும் நல்லவர்கள் அல்ல.

4. சட்டத்தைத் தனித் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

தமிழ்ப் பத்திரிகைகள் அதிகம் தவறுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து குடும்பங்கள் சிதைந்த செய்திகளை நாம் பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் திரையில் ஆடுவது எல்லாமே ஒன்று என்ற எண்ணம் டெஸ்க்கில் படிந்துவிட்டது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தது. ஆன்லைன் கேமிங் என்ற பொதுப் பொருள் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்திடம் போனது. இரண்டுக்கும் இரண்டு அமைச்சகம். யாரிடம் கருத்துக் கேட்பது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த ஆன்லைன் கேமிங் சட்டம் இன்னும் தெளிவாகப் பிரிக்கிறது: இ-ஸ்போர்ட்ஸ், சமூக விளையாட்டுகள், பண விளையாட்டுகள். பந்தயப் பணம் கட்டி ஆடும் மூன்றாவது வகைக்குத்தான் தடை. இ-ஸ்போர்ட்ஸ் போட்டியில் நுழைவுக் கட்டணம் இருக்கலாம், திறமைக்குப் பரிசுத் தொகையும் இருக்கலாம், பந்தயம் மட்டும் இருக்கக் கூடாது. பண விளையாட்டுகளுக்கு விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறையோ 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ என்று அதே சட்டம் சொல்கிறது. செய்தி ஆசிரியரைவிட விளம்பரப் பிரிவுக்கு முதலில் தெரிய வேண்டிய பிரிவு அது.

ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான தமிழகச் சட்டம் 2022இல் இயற்றப்பட்டு 2023இல் நடைமுறைக்கு வந்தது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டாகப் பட்டியலிட்ட பகுதியை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2025இல் வந்த விதிகளில் நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 வரை ஆடத் தடை என்பதும் பண விளையாட்டுகளுக்கு மட்டும்தான். "தமிழகத்தில் இரவு நேர கேமிங்குக்குத் தடை" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், வேலரன்ட் ஆடும் கல்லூரி மாணவனையும் சேர்த்துக் குற்றவாளி ஆக்கிவிடுகிறோம்.

அப்புறம் "பப்ஜி" என்ற சொல். பப்ஜி மொபைலுக்கு இந்தியாவில் 2020 செப்டம்பர் 2 அன்று தடை வந்தது. அதன் இடத்தில் 2021 ஜூலையில் வந்தது பி.ஜி.எம்.ஐ. அதுவும் 2022 ஜூலையில் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்ப வந்தது. காவல் துறை வட்டாரத்தில் யாராவது "பப்ஜி" என்று சொன்னால், எந்த விளையாட்டு, எந்தத் தேதி என்று திரும்பக் கேளுங்கள். தடை செய்யப்பட்ட ஒன்றை ஆடியதாக ஒரு பையனைப் பற்றி எழுதுவதும், அனுமதியோடு இருக்கும் ஒன்றை ஆடியதாக எழுதுவதும் ஒன்றல்ல.

5. அரங்கத்தில்

போட்டி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போங்கள். ஊடகத் தொடர்பாளரிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: அதிகாரபூர்வ புள்ளிப்பட்டியல் யாரிடம் கிடைக்கும், ஆட்டக்காரர்களைச் சந்திக்க எப்போது அனுமதி, முடிவை எப்போது வெளியிடலாம்.

மூன்றாவது கேள்வி புதியவர்களுக்கு விநோதமாகத் தெரியும். நேரலை என்று யூடியூபில் வருவது பெரும்பாலும் சில நிமிடங்கள் தாமதமாக வருகிறது. எதிரணி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைத் திரையில் பார்த்து யாராவது ஆட்டக்காரருக்குச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அரங்கில் இருக்கும் நீங்கள் முடிவை உடனே பதிவிட்டால் வீட்டில் பார்ப்பவருக்கு ஆட்டம் கெடும், அமைப்பாளர் அடுத்த முறை அனுமதி தர மாட்டார். வீட்டிலிருந்து யூடியூப் பார்த்து எழுதுபவரோ எப்போதும் சில நிமிடம் பின்னால்தான் இருப்பார்.

அரங்கத்தின் வைஃபையை நம்ப வேண்டாம், உங்கள் டேட்டாவை வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் கட்டாயம். தொழில்நுட்பக் கோளாறால் ஆட்டம் நிற்பது இங்கே மழையால் கிரிக்கெட் நிற்பதுபோல வழக்கமான ஒன்று. இறுதிப்போட்டி ஏழு மணிக்கு முடியும் என்று சொன்னால் ஒன்பது என்று டெஸ்க்கிடம் சொல்லி வையுங்கள்.

குறிப்பெடுக்கும்போது ஒவ்வொரு ரவுண்டையும் எழுத முயன்றால் ஒன்றும் மிஞ்சாது. ஆட்டம் திரும்பிய இடத்தை மட்டும் நேரத்தோடு எழுதுங்கள்: "8.14, இரண்டாவது மேப், 7-11லிருந்து." பிறகு பதிவைத் திரும்பப் போட்டு அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளலாம். லீக் கிரிக்கெட் மைதானத்தில் ஸ்கோரரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கும் நமக்கு இது பெரிய வசதி, பயன்படுத்துங்கள்.

6. எண்களைச் சரிபாருங்கள்

மொத்தப் பரிசுத் தொகை வேறு, முதல் பரிசு வேறு, ஆட்டக்காரர் கைக்கு வருவது வேறு. 2021இல் டோட்டா 2 விளையாட்டின் தி இன்டர்நேஷனல் போட்டிக்கு மொத்தத் தொகை 4 கோடி டாலருக்குச் சற்று மேல். வென்ற டீம் ஸ்பிரிட் அணிக்குக் கிடைத்தது சுமார் 1.82 கோடி டாலர். அதுவும் ஐந்து ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர், அமைப்பு என்று பிரியும், வரியும் போகும். "கோடி வென்ற சென்னை இளைஞர்" என்று தலைப்புப் போடும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு உறவினர்கள் கடன் கேட்டு வந்ததாக ஓர் ஆட்டக்காரர் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார். அவர் பங்காக வந்தது ஒரு நல்ல மடிக்கணினி வாங்கும் பணம்.

பார்வையாளர் எண்ணிலும் இதே சிக்கல். ஒரே நேரத்தில் அதிகபட்சம் பார்த்தவர்கள், சராசரியாகப் பார்த்தவர்கள், மொத்தப் பார்வைகள் மூன்றும் வேறு. 2023 லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலக இறுதிப்போட்டியை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 64 லட்சம் பேர் பார்த்தார்கள் என்ற எண் சீனத் தளங்களைச் சேர்க்காமல் எடுக்கப்பட்டது. அமைப்பாளர் "பத்து லட்சம் வியூஸ்" என்றால் எதன் பத்து லட்சம் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் எண்ணை விட்டுவிடுங்கள், செய்திக்கு ஒன்றும் ஆகாது.

பதக்கங்களிலும் கவனம் வேண்டும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஹார்த்ஸ்டோன் பிரிவில் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். அது காட்சிப் போட்டி என்பதால் இந்தியாவின் பதக்கக் கணக்கில் சேரவில்லை. இ-ஸ்போர்ட்ஸ் பதக்கப் போட்டியாக நடந்தது 2023இல் ஹாங்சோவில். "முதல் இந்தியர்", "முதல் தமிழர்" என்று எழுதத் தோன்றும்போதெல்லாம் இந்த வேறுபாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

7. இப்போது ஆட்டக்காரரிடம் பேசுங்கள்

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பேட்டி. காரணம் எளிது. நீங்கள் ஆட்டத்தைப் பார்த்தீர்கள் என்று தெரிந்த நொடியில் அவர்கள் பேசும் விதமே மாறிவிடும்.

ஒருமுறை ஒரு புதிய நிருபரோடு போயிருந்தேன். தோற்ற அணியின் தலைவன், பத்தொன்பது வயதுப் பையன், இருக்கையில் சுருண்டு உட்கார்ந்திருந்தான். நிருபர் "எத்தனை வயசுல இருந்து ஆடுறீங்க தம்பி" என்று தொடங்கினார். "சின்ன வயசுல இருந்து அண்ணா" என்று ஒரு வரி வந்தது. அடுத்த கேள்விக்கும் ஒரு வரி. ஆட்டத்துக்குள் சேரும் காசில் ரவுண்டுக்கு முன் துப்பாக்கி வாங்கும் விளையாட்டு அது. பிறகு நான் கேட்டேன்: "தம்பி, 11-11ல காசு இருந்தும் ஏன் துப்பாக்கி வாங்காம சேவ் பண்ணச் சொன்னீங்க?" நிமிர்ந்து உட்கார்ந்தான். அடுத்த இருபது நிமிடம் எங்களுக்குக் கேள்வியே தேவைப்படவில்லை. எதிரணியின் பணக் கணக்கை ஒரு ரவுண்டு தவறாக எண்ணிவிட்டதாகவும், அணியில் மற்ற நால்வரும் வாங்கலாம் என்று சொன்னதாகவும், முடிவைத் தானே எடுத்ததாகவும் சொன்னான். மறுநாள் செய்தி அதுதான்.

கேட்க வேண்டியவை: அணியில் உங்கள் வேலை என்ன, எதிரணியைப் பற்றி என்ன தயாரித்தீர்கள், எந்த இடத்தில் ஆட்டம் கைவிட்டுப் போனது, பயிற்சி நாள் எப்படிப் போகும், சம்பள ஒப்பந்தம் இருக்கிறதா, மணிக்கட்டு, கண், தூக்கம் எப்படி இருக்கிறது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கிரிக்கெட் வீரரின் முதுகு வலியை எழுதும் நாம் இவர்களுடைய மணிக்கட்டை எழுதுவதில்லை.

வீட்டைப் பற்றிக் கேட்கலாம். முதல் கேள்வியாக வேண்டாம். "அம்மா அப்பா எதிர்த்தார்கள், பிறகு ஏற்றுக்கொண்டார்கள்" என்ற கதை எல்லா வீட்டிலும் இருக்கிறது. அவர் வீட்டில் மட்டும் என்ன நடந்தது என்று தெரியும்வரை கேளுங்கள். என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். "படிப்பை விட்டுவிட்டு" என்று ஒருவரைப் பற்றி எழுதினேன். அவர் அஞ்சல் வழியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தார். கல்லூரிக்குப் போகவில்லை என்று அவர் சொன்னதை நான் அப்படி எடுத்துக்கொண்டேன். அவருடைய அம்மா அலுவலகத்துக்கே போன் செய்து, "என் பையன் படிக்கிறான் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திருத்தம் போட்டோம். அவர் சொன்ன விதம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பெண் ஆட்டக்காரர்களிடம் ஆண்களிடம் கேட்கும் அதே ஆட்டக் கேள்விகளைக் கேளுங்கள். "பெண்ணாக இருந்துகொண்டு" என்று தொடங்கும் கேள்விக்கு அவர்கள் நூறு முறை பதில் சொல்லி முடித்துவிட்டார்கள்.

தோற்றவரிடம் உடனே மைக்கை நீட்ட வேண்டாம். கால் மணி நேரம் விடுங்கள், தண்ணீர் குடிக்கட்டும்.

8. எழுதும்போது

முதல் பத்தியில் யார், யாரை, எந்த விளையாட்டில், எந்த ஸ்கோரில் என்பது வந்துவிட வேண்டும். இரண்டாவதில் ஆட்டம் திரும்பிய இடம். மூன்றாவதில் ஆட்டக்காரரின் குரல். பரிசுத் தொகை அதற்குப் பிறகு வரலாம்.

சொற்களை எல்லாம் தமிழாக்க வேண்டியதில்லை, எல்லாவற்றையும் அப்படியே விடவும் கூடாது. ரவுண்டு, மேப், கேப்டன் எல்லோருக்கும் தெரியும். ஐ.ஜி.எல்., லோயர் பிராக்கெட், ஸ்க்ரிம் (பயிற்சி ஆட்டம்) போன்றவை வரும்போது அதே வாக்கியத்தில் ஒரு சிறு விளக்கம் கொடுங்கள்: "ஆட்டத்தின் நடுவே உத்தியைச் சொல்லும் ஐ.ஜி.எல்.", "ஒருமுறை தோற்ற அணிகளுக்கு இரண்டாவது வாய்ப்பு தரும் லோயர் பிராக்கெட்". ஒரு செய்தியில் இப்படி மூன்று சொற்களுக்கு மேல் வந்தால் வாசகர் அடுத்த பத்திக்குப் போய்விடுவார்.

"அடிமை" என்ற சொல்லை ஆட்டக்காரர் மேல் வீசாதீர்கள். உலக சுகாதார அமைப்பின் ஐ.சி.டி.-11 என்ற நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் கேமிங் கோளாறு இருக்கிறது. கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுப்பது, பாதிப்பு வந்த பிறகும் தொடர்வது ஆகியவை அதன் அடையாளங்கள். வழக்கமாக இவை 12 மாதம் தொடர்ந்து இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஆடுகிறார் என்பது மட்டுமே அளவுகோல் அல்ல. தினமும் எட்டு மணி நேரம் பயிற்சியாளரோடு ஆடுபவருக்கும், தூங்காமல் சாப்பிடாமல் ஆடி வேலையை இழந்தவருக்கும் ஒரே சொல்லைப் போட்டால், உதவி தேவைப்படும் அந்த இரண்டாவது ஆளைத்தான் நாம் மறைக்கிறோம்.

9. தலைப்பும் படமும்

நீங்கள் எவ்வளவு கவனமாக எழுதினாலும் தலைப்பு டெஸ்க்கில் மாறும். அதனால் செய்தியோடு இரண்டு தலைப்புகளை நீங்களே எழுதி அனுப்புங்கள், நெருக்கடியில் இருக்கும் துணை ஆசிரியர் பெரும்பாலும் அதில் ஒன்றை எடுத்துக்கொள்வார். "மோகம்", "விபரீதம்", "வெறி" இல்லாமல் அணியின் பெயரும் முடிவும் இருந்தால் போதும்.

படத்துக்கு இணையத்தில் கிடைக்கும், நீல விளக்கில் ஹெட்செட் மாட்டிய யாரோ ஒரு வெளிநாட்டுப் பையன் வேண்டாம். வென்றவரின் முகம் வேண்டும். ஆட்டம் நடக்கும்போது ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, கண் கூசினால் ஒரு ரவுண்டு போய்விடும். ஆட்டக்காரர்களின் பின்னால் நின்று திரையைப் படமெடுக்கவும் முன் அனுமதி கேளுங்கள். குழுப் படத்தில் இடமிருந்து வலம் பெயர்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள், ஒரே ஜெர்சியில் ஐந்து பேரை அலுவலகத்தில் உட்கார்ந்து அடையாளம் காண முடியாது.

10. ஏமாற்று என்ற குற்றச்சாட்டு வந்தால்

2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த கவுன்டர்-ஸ்டிரைக் போட்டியில், ஓப்டிக் இந்தியா அணியின் ஆட்டக்காரர் ஒருவர் குறிபார்க்க உதவும் மென்பொருளைக் கணினியில் வைத்திருந்தது பிடிபட்டது. அணி வெளியேற்றப்பட்டு, கலைக்கப்பட்டது. அவருக்கு ஐந்து ஆண்டுத் தடை. நடுவர்கள் கணினியைப் பார்த்தார்கள், அமைப்பாளர் அறிவித்தார், பிறகு தடை வந்தது. எழுதுவதற்கு அத்தனையும் இருந்தன.

ஆனால் உங்களிடம் வருவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் சுற்றும் பத்து விநாடி வீடியோவாக இருக்கும். அதை வைத்து ஒரு பெயரை அச்சிடாதீர்கள். நடுவரின் முடிவு, அமைப்பாளரின் அறிவிப்பு, அந்த ஆட்டக்காரரின் பதில் மூன்றும் கைக்கு வர வேண்டும். தடை வந்தால் விதித்தது யார் என்று எழுதுங்கள்: அந்தப் போட்டியின் அமைப்பாளரா, விளையாட்டின் உரிமையாளரான நிறுவனமா? கிரிக்கெட்டுக்கு உரிமையாளர் யாரும் கிடையாது. வேலரன்ட் ரயட்டுக்குச் சொந்தம், பி.ஜி.எம்.ஐ. கிராஃப்டனுக்குச் சொந்தம். விதியும் அவர்களுடையது, தண்டனையும் அவர்களுடையது. அவர்கள் செலவில் போட்டிக்குப் போயிருந்தால் அதைச் செய்தியின் கீழே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

11. மறுநாள்

காலையில் செய்தியின் கீழே வரும் கருத்துகளைப் படியுங்கள். இந்த ரசிகர்கள் ஸ்கோர் தவறென்றால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். கோபமாகச் சொன்னாலும் பெரும்பாலும் சரியாகவே சொல்வார்கள். பதிவைப் பார்த்து உறுதி செய்துவிட்டு, இணையப் பதிப்பில் உடனே திருத்துங்கள், அச்சில் அடுத்த நாள்.

பெயர்த் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி போட்டு ஒரு கோப்பில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பையன் வேறு ஜெர்சியில் வந்து நிற்பான். போன முறை 11-11ல் ஏன் சேவ் பண்ணினான் என்பது உங்களிடம் இருக்கும், இந்த முறை அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.